நிச்சயமின்மையா, பின்னலா: கபடிக்கும் ஊர் வாழ்வுக்கும் எது பொருந்தும்?

மண்டபம் கடற்கரை மணலில் மாலைநேரக் கபடிப் பயிற்சி அளிக்கும் இளைஞர்கள் சிலர், குவாண்டம் இயற்பியலிலிருந்து உவமை எடுப்பதானால் ஹைசன்பெர்க் 1927இல் முன்வைத்த நிச்சயமின்மைக் கோட்பாட்டைச் சொல்வதா, ஷ்ரோடிங்கர் 1935இல் பெயரிட்ட பின்னலைச் சொல்வதா என்று கேட்கிறார்கள். ஒரு நுண்துகளின் இடத்தையும் உந்தத்தையும் (நிறையும் வேகமும் திசையும் சேர்ந்த அளவு) ஒருசேரத் துல்லியமாக அறிய இயற்கையே இடம்தராது என்பது நிச்சயமின்மை. இரு துகள்கள் ஒன்றைத் தனியே முழுமையாக விவரிக்க முடியாதபடி இணைந்திருப்பது பின்னல்.

எளிமை: நிச்சயமின்மை ஒரே ரெய்டில் விளங்கிவிடும், பாடி வருபவரின் கால் இருக்கும் இடத்தையே உற்றுப் பார்க்கும் தடுப்பாளர், அவர் எப்பக்கம், எந்த வேகத்தில் திரும்புவார் என்பதைத் தவறவிடுகிறார்.
பின்னலுக்குக் கைகோத்து நிற்கும் இருவரைக் காட்டலாம். ஒருவரை மட்டும் விவரித்தால் அந்தப் பிடி விளங்காது.

இயற்பியலுக்கு உண்மையாக இருத்தல்: இதில் இரண்டுமே இடறும். 70 கிலோ எடையுள்ள ஆட்டக்காரரிடம் நிச்சயமின்மையின் அளவு எந்தக் கருவிக்கும் எட்டாத அளவு சிறியது. தடுப்பாளர் தவறவிடுவது கவனக்குறைவே அன்றி, இயற்கை விதித்த எல்லை அன்று.
பின்னலில் சிக்கல் இன்னும் பெரிது. கடலுக்குப் போனவருக்கு நேர்ந்தது பாம்பனில் இருக்கும் மனைவிக்கு அக்கணமே தெரிந்தது என்பதை இதைக்கொண்டு விளக்குவோர் உண்டு. ஆனால் பின்னிய துகள்களின் அளவீட்டு முடிவுகள் ஒத்திசைந்தாலும், அவற்றின் வழியே செய்தி அனுப்ப முடியாது (அதற்கு வயர்லெஸ் கருவிதான் வேண்டும்). 2022இல் நோபல் பரிசு பெற்ற ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் ஆகியோரின் சோதனைகள் காட்டியதும் அந்த ஒத்திசைவையே.

ஆகவே, ஒரு ரெய்டின் 30 விநாடிக்குள் முடிவெடுக்கப் பழக்குவோருக்கு நிச்சயமின்மை பொருந்தும். குழு ஒற்றுமை, கரைவலை இழுப்பு, உறவுகள் பற்றிப் பேசுவோர், தொலைவுணர்வுக் கதையைச் சேர்க்காதவரை, பின்னலை எடுக்கலாம்.