பெல்லட்டை ஒரே ஆழத்தில் உட்கார வைப்பது: ஸ்பிரிங் ஏர் ரைபிளோடு என் அனுபவம்

ஸ்பிரிங் விசையில் பிஸ்டன் பாய்ந்து, அந்தக் காற்றழுத்தத்தால் பெல்லட் என்ற சின்ன ஈயக் குண்டைத் தள்ளும் துப்பாக்கிதான் ஸ்பிரிங் ஏர் ரைபிள். அதில் குறி சிதற ஆரம்பித்தால் ஆளாளுக்கு முதலில் மாற்றுவது பெல்லட் டப்பாவைத்தான். அதற்கு முன்னால், பெல்லட்டை பேரலுக்குள், அதாவது குழலுக்குள், எப்படி வைக்கிறோம் என்று பாருங்கள் என்பேன். சூலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மணல் மூட்டை அடுக்கி, பத்து மீட்டரில் சில வருடங்களாகச் சுட்டு வருகிறேன். பேரலை மடக்கி லோடு செய்யும் .177 ரைபிள், அதாவது 4.5 மி.மீ.

கட்டை விரலால் அழுத்தினால் ஒரு பெல்லட் பேரலின் பின்பக்க வாயோடு சமமாக நிற்கும், அடுத்தது துளி வெளியே துருத்தும். துருத்துவதுதான் தொல்லை. பேரலை மூடும்போது ஸ்கர்ட், அதாவது பெல்லட்டின் பின்பக்கத்து மெல்லிய விளிம்பு, நசுங்கும், காற்று கசியும். அதைவிடப் பெரிய விஷயம், பெல்லட் நகரத் தொடங்கும் நேரம் மாறிவிடுகிறது. ஸ்பிரிங் ரைபிளில் பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டனின் உதறல் ரைபிளை ஆட்டத் தொடங்கிவிடும். பெல்லட் கிளம்பும் நேரம் ஒவ்வொரு தடவையும் மாறினால், பேரல் முனை ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் இருக்கும். பிடி எவ்வளவு சீராக இருந்தாலும் இதைச் சரிக்கட்ட முடியாது.

கணபதியில் ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் ஒரு சின்னக் குச்சி கடைந்து வாங்கினேன். முனை உருண்டை, அதற்குப் பின்னால் ஒரு படி. அந்தப் படி பேரல் முகத்தில் முட்டி நின்றதும் பெல்லட் ஒரு மி.மீ. உள்ளே போயிருக்கும், அதற்கு மேல் போகாது. “ஏனுங்ணா, கம்மல் திருகாட்டம் இருக்குது, இதுக்குப் போயி இத்தனை அளவுங்களா?” என்றார் கடைந்த தம்பி. ஆனாலும் படியை அளந்து அளந்துதான் எடுத்தார். கோயமுத்தூர் பட்டறைக்காரர்களிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். பின்னால் முனையை மட்டும் நைலானில் மாற்றினேன், பேரலின் ரைஃப்லிங்கில் (உள்ளே சுருளாக ஓடும் வரிகளில்) உலோகம் உரசக் கூடாது என்பதற்காக. நைலான் முனை தேயும். அவ்வப்போது மாற்ற வேண்டும். பித்தளைப் படி இன்றுவரை அப்படியே இருக்கிறது.

ஆழம் எவ்வளவு என்பது ரைபிளுக்கு ரைபிள் மாறும். என்னுடையதில் ரொம்ப ஆழமாகத் தள்ளியபோதும் குறி கலைந்தது. எந்த ஆழமானாலும் ஒரே ஆழம் என்பதுதான் முக்கியம். குச்சி வந்த அப்புறம், சிதறல் ஒரு ரூபாய் நாணயத்தை மீறுவது அநேகமாக நின்றுவிட்டது. ஒலிம்பிக் பத்து மீட்டர் ரைபிள் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுப்பொட்டு அரை மி.மீ. விட்டம்தான். அந்த அளவுக்கு இந்த ரைபிள் வராது, ஆனால் பயிற்சிக்கு இந்தச் சீர் பெரிய உதவி.

பெல்லட்டின் தலை விட்டத்தையும் கவனியுங்கள். நல்ல டப்பாக்களில் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று ஒட்டியிருப்பார்கள். என் பேரலுக்கு 4.50 இதமாக உட்காருகிறது. தளர்வாக விழும் பெல்லட்டுக்கு எந்தக் கருவியும் பயன்படாது. எடை பார்த்துப் பிரிப்பதற்காக ராஜ வீதியில் நகைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற தராசும் வாங்கினேன். பத்து மீட்டரில் அதனால் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் எதுவும் இல்லை. ஸ்கர்ட் நசுங்கியதைப் பொறுக்கி ஒதுக்குவது அதைவிட நூறு மடங்கு பலன் தரும். பெல்லட் ஈயம், அதனால் சுட்டு முடித்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பி.சி.பி. மேட்ச் ரைபிள், அதாவது முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றில் சுடும் போட்டி ரைபிள், வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குச்சி தேவையில்லை. அதில் போல்ட் (பெல்லட்டை உள்ளே தள்ளும் தண்டு) முனையே பெல்லட்டை எப்போதும் ஒரே இடத்துக்குத் தள்ளிவிடும். அந்த முனையிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் விரிசல் விடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.