பிரேக் போட்டால் ஸ்டீயரிங் ஆடுகிறதா? லேத், புது டிஸ்க், ஹப் சுத்தம்: எது முதலில்?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் 70-இல் போகிறீர்கள். முன்னால் கண்டெய்னர் லாரி வேகம் குறைகிறது. பிரேக்கில் கால் வைத்ததும் ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆடுகிறது. பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு பதில்தான்: "டிஸ்க் வளைஞ்சிருக்கு, லேத்துல விட்டுடலாம் சார்", இல்லையென்றால் "புதுசு போட்டுடுங்க". இரண்டுக்கும் பணம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். முதலில் செய்ய வேண்டியது மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் நடுப்பகுதியான ஹப்பைச் சுத்தம் செய்வது.

அதற்கு முன், ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். பிரேக்கைத் தொடாமலே 80, 90-இல் ஆடினால் வீல் பேலன்ஸ் அல்லது டயர். பிரேக் போடும்போது மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன் டிஸ்க். ஸ்டீயரிங் அமைதியாக இருக்க, சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் ட்ரம்மைச் சந்தேகப்படுங்கள். ஆளில்லாத சாலையில் 30-இல் போகும்போது, பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுங்கள். அப்போதும் அதிர்ந்தால் ட்ரம் வட்டம் தப்பியிருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் புஷ்ஷோ பால் ஜாயிண்டோ தளர்ந்திருந்தால் சின்ன அதிர்வுகூடப் பெரிதாகத் தெரியும், அதையும் பார்த்துவிடுங்கள். திடீர் பிரேக்கில் பெடல் படபடவென்று தட்டினால் அது ஏ.பி.எஸ். வேலை செய்வது, பழுது இல்லை.

சரி, டிஸ்க்தான் என்று வைத்துக்கொள்வோம். "வளைந்துவிட்டது" என்பார்கள். உண்மையில் பெரும்பாலும் நடப்பது, டிஸ்க்கின் கனம் இடத்துக்கு இடம் மாறுவதுதான். 0.02 மி.மீ. வித்தியாசமே கைக்குத் தெரியும், அது தலைமுடியை விட மெல்லியது. மணலி பக்கம் கண்டெய்னர் வரிசையில், சூடான டிஸ்க்கை பேட் (டிஸ்க்கை அழுத்தி நிறுத்தும் பிரேக் கட்டை) கவ்விப் பிடித்தபடி நின்றால், அந்த இடத்தில் பேட் பொருள் ஒட்டிக்கொள்ளும்.

லேத்தில் சீவினால் இந்தத் திட்டுகள் போய்விடும். செலவு குறைவு, அன்றைக்கே வண்டி கிடைக்கும். ஆனால் சீவச் சீவ டிஸ்க் மெலிகிறது, மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடாகும். எவ்வளவு வரை மெலியலாம் என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். சீவிய பிறகு அந்த அளவுக்குக் கீழே போகும் என்றால் லேத் வேண்டவே வேண்டாம். அப்போது புது டிஸ்க்தான், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. புதுப்பேட்டையில் பழைய டிஸ்க் மலிவாகக் கிடைக்கும் என்று போகாதீர்கள், பிரேக்கில் அந்தச் சிக்கனம் கூடாது.

புது டிஸ்க்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நான் போட்டேன். இரண்டு மாதம் வெண்ணெய் மாதிரி நின்றது. மூன்றாவது மாதம் அதே ஆட்டம். தண்டையார்பேட்டையில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன்தான் காரணத்தைக் காட்டினார். சக்கரத்தைக் கழற்றி, நட்டுகளை மட்டும் திரும்பப் போட்டு டிஸ்க்கை ஹப்போடு இறுக்கினார். டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) டிஸ்க்கின் ஓரத்துக்குச் சற்று உள்ளே வைத்து, கையால் மெதுவாகச் சுற்றினார். முள் 0.14 மி.மீ. ஆடியது. டிஸ்க்கைக் கழற்றினால் ஹப் முகத்தில் செதில் செதிலாகத் துரு. "கடல் காத்துண்ணா, இங்க எல்லா வண்டிக்கும் இதான்" என்றார். கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள். கால் மணி நேரம் தேய்த்து, டிஸ்க்கை மாட்டி மறுபடி சுற்றினார். முள் 0.04-இல் நின்றது. இந்தச் சாய்வு பொதுவாக 0.05 வரை இருக்கலாம்.

அதாவது, துருவின் மேல் உட்காரும் டிஸ்க் சாய்ந்தே சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசும். அந்த இடம் சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்து மெலியும், ஆட்டம் திரும்பும். முதல் நாளே தெரியாததால் புது டிஸ்க்கைத்தான் குறை சொல்வோம். லேத்திலும் இதே கதை. கழற்றிக் கொண்டுபோன டிஸ்க் லேத்தில் நேராகத்தான் சுற்றும், உங்கள் ஹப்பில் ஏறியதும் சாயும். வண்டியிலேயே மாட்டி வைத்துச் சீவும் இயந்திரத்தில் இந்தக் குறை இல்லை. அது இருக்கும் பட்டறை கிடைத்தால் லேத் பக்கம் என் ஓட்டு.

இல்லாவிட்டால், திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் மாதிரி கடலோர வண்டிகளுக்கு என் வரிசை இதுதான்: முதலில் ஹப் சுத்தம், உடனே டயல் கேஜ். சாய்வு சரியாகியும் ஆட்டம் இருந்தால், மைக்ரோமீட்டரில் எட்டு இடத்தில் கனம் பாருங்கள். டிஸ்க்கில் சதை (சீவினாலும் பொறித்த அளவுக்குக் கீழே போகாத கனம்) இருந்தால் லேத், இல்லையென்றால் புதுசு. என் டிஸ்க்கில் சதை இருந்தது, லேசாகச் சீவியதோடு முடிந்தது.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஏர் கன்னில் நட்டுகளை ஏற்றத்தாழ்வாக இறுக்கினாலும் டிஸ்க் திருகிக்கொள்ளும். எதிரெதிர் நட்டாக, குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சில் முடிக்கச் சொல்லுங்கள். பேடும் புதிது என்றால், அதிகாலையில் சாலை காலியாக இருக்கும்போது 50-இலிருந்து 10 வரை எட்டுப் பத்து தடவை மிதமாகக் குறையுங்கள். முழுசாக நிறுத்த வேண்டாம். பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, டிஸ்க்கை ஆறவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.