பேனா டி.டி.எஸ். மீட்டர்: ஈ.சி. பட்டன் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்

பத்திர ஆபீசில் ஈ.சி. என்றால் வில்லங்கச் சான்று. மண் பரிசோதனை அட்டையில் அதே ஈ.சி. மின்கடத்துத்திறன். ஆடிட்டர் டி.டி.எஸ். என்றால், 50 லட்சமோ அதற்கு மேலோ விலை போகும் மனைக்கு விற்பவர் பணத்தில் பிடித்துக் கட்டவேண்டிய 1% வரி, ஆர்.ஓ. மெஷின்காரர் சொன்னால் தண்ணீரில் கரைந்த உப்பு. வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனி அனுப்பும் டி.டி.எஸ். தொழில்நுட்ப விவரத்தாள். மனை வாங்கி போர் போடுகிறவருக்கு இத்தனையும் அடுத்தடுத்து வந்து சேரும். "ஈ.சி. சுத்தமா இருக்குங்க" என்று தரகர் சொல்வது பத்திரத்தைப் பற்றி மட்டும்தான். தண்ணீரை நாம்தான் அளந்து பார்க்க வேண்டும்.

அதற்கு 200, 300 ரூபாய் வாக்கில் கிடைக்கும் பேனா மீட்டர் போதும். ஆனால் அது நேரடியாக அளப்பது ஈ.சி.யை, அதாவது தண்ணீரின் மின்கடத்துத்திறனை மட்டுமே. அதை ஓர் எண்ணால் பெருக்கித்தான் டி.டி.எஸ். காட்டுகிறது. அந்த எண் சில மீட்டரில் 0.5, சிலவற்றில் 0.64, இன்னும் சிலவற்றில் 0.7. ஈ.சி. 1,000 மைக்ரோசீமென்ஸ் உள்ள ஒரே தண்ணீர் ஒன்றில் 500, இன்னொன்றில் 640, மற்றொன்றில் 700 என்று வரும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் ஏற்கத்தக்க டி.டி.எஸ். அளவு லிட்டருக்கு 500 மி.கி. என்பதால், மீட்டரை மாற்றினாலே தேறிய தண்ணீர் தேறாமல் போகும். ஈ.சி.யைத் தனியாகக் காட்டாத மாடல் வேண்டாம்.

மண் அட்டையில் இருப்பது டெசிசீமென்ஸ். 1 டெசிசீமென்ஸ்/மீ, 1,000 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ.க்குச் சமம். பாசன நீர் 0.7 டெசிசீமென்ஸுக்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் உப்பைத் தாங்கும் பயிர்தான் போட வேண்டும்.

மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிறகு தண்ணீர் பிடியுங்கள். கோடு வரை மட்டும் முக்கி, லேசாகக் கலக்கிக் குமிழியை விரட்டுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் அளவு குறைத்துக் காட்டும். எண் நின்றதும் ஹோல்ட் பட்டனை அழுத்துங்கள். 999-க்கு மேல் போனால் பல மாடல்களில் ஓரத்தில் x10 மின்னும். அதைக் கவனிக்காமல் 1,250-ஐ 125 என்று படித்து நிம்மதியடைகிறவர்கள் நிறைய. கோட்டைத் தாண்டி முக்கினால் உள்ளே நீர் புகுந்து மீட்டர் செத்துவிடும்.

ஆர்.ஓ. மெஷினைக் கண்காணிக்க இதுவே சிறந்த கருவி. உள்ளே 900, வெளியே 90 என்றால் மெம்பிரேன் 90% உப்பைத் தடுக்கிறது. வெளியே 200-ஐ நெருங்கினால் மாற்றும் நேரம். டி.டி.எஸ். கன்ட்ரோலர் உள்ள மெஷினில் அதை முழுதாக மூடிவிட்டு அளக்க வேண்டும், இல்லையேல் அது கலக்கும் சுத்திகரிக்காத தண்ணீரையும் சேர்த்து அளப்பீர்கள்.

கிருமியை இது காட்டாது. ஃபுளோரைடையும் காட்டாது: அனுமதிக்கப்பட்ட உச்சமே லிட்டருக்கு 1.5 மி.கி. என்பதால் 600 என்ற எண்ணுக்குள் அது தெரியவே தெரியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீர் குடிப்பவர்கள் மீட்டர் எண் குறைவாக இருந்தாலும் ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் அனுப்பியே ஆக வேண்டும்.