எழுதித் தந்த வேடமா, நாமே கட்டும் வேடமா?

இரண்டு வீடியோ கேம்களை ஆடினேன்: முதலில் பால்டர்ஸ் கேட் 3, அது முடிந்த கையோடு பெர்சோனா 5 ராயல். முன்னது பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டுடியோஸ் 2023-இல் வெளியிட்டது, பின்னது ஜப்பானின் அட்லஸ் உருவாக்கியது. இரண்டுக்கும் ரோல் பிளேயிங் கேம், அதாவது ஒரு பாத்திரமாக வேடமேற்று ஆடும் ஆட்டம், என்றே பெயர். இரண்டையும் முடித்தபின் என் மனம் ஜப்பான் பக்கம் சாய்ந்துவிட்டது.

படம், இசை, சண்டை எல்லாம் இரண்டிலும் அருமை. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: 1974-இல் வந்த டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு. அதைப் பார்த்து அமெரிக்காவில் விசர்ட்ரி, அல்டிமா என்ற கணினி ஆட்டங்கள் பிறந்தன. அவற்றில் மயங்கிய ஜப்பானியர் யூஜி ஹோரி, கணினியே தொடாதவர்களும் ஆடும்படி சுருக்கி, 1986-இல் ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ வீட்டு விளையாட்டுக் கருவிக்கு டிராகன் குவெஸ்ட் செய்தார். மேற்கில் பகடையும் விதிகளும் தங்கின. ஜப்பானில் கதை முன்னுக்கு வந்தது. இரண்டையும் பிரிக்கும் கோடு அவ்வளவு நேராக இல்லை என்பதும் உண்மை. டிராகன் குவெஸ்ட் 3-இல் கூட்டாளிகளை நாமே உருவாக்கலாம்.

வழக்கமாகச் சொல்வது இதுதான்: மேற்கத்திய ஆட்டத்தில் பாத்திரம் நம்முடையது, ஜப்பானிய ஆட்டத்தில் யாரோ எழுதியது, ஆகவே முன்னதுதான் அசல். பால்டர்ஸ் கேட் 3 தரும் சுதந்திரம் பெரியது, மறுக்கவில்லை. கோப்லின்கள் என்ற குட்டி அரக்கர்களோடு சேர்ந்து, அகதிகள் தங்கிய தோப்பைத் தாக்கினால், கார்லாக், வில் என்ற இரு கூட்டாளிகளும் நம் பக்கம் நிற்க மாட்டார்கள். ஆனால் அதில் நாம் முயல்வது பலிக்குமா என்று பகடைதான் சொல்லும்; அது தவறியதும், முன்பு சேவ் செய்த இடத்துக்குத் திரும்பும் லோட் பொத்தானுக்கு என் விரல் போய்விட்டது. பேச்சில் தோற்றேனா, திரும்பப் பேசினேன். அப்படி முப்பது முறை திருத்திய பாத்திரம் என்னுடையது என்று எனக்குத் தோன்றவில்லை. தான் நினைத்த எல்லாம் நடக்கிற ஒருவனாக அவன் ஆகிவிட்டான்.

பெர்சோனாவில் நாம் ஒரு பள்ளி மாணவன், கதை ஏற்கெனவே எழுதியது. நான் சொல்லும் பதில் எதுவானாலும் எதிராளி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேசுவார், அது குறைதான். ஆனால் நாட்கள் என் கையில் இருக்கின்றன. பள்ளி விட்டதும் படிக்கலாம், பகுதிநேர வேலைக்குப் போகலாம், ஒரு நண்பனைப் பார்க்கலாம். எதைச் செய்தாலும் பொழுது கழிகிறது. கெட்டவர்களின் மனதுக்குள் இருக்கும் மாய அரண்மனைக்குள் நுழைந்து திரும்பினால் அன்றைய பொழுது பெரும்பாலும் போயிற்று. அதை முடிக்கும் கெடு தவறினால் ஆட்டம் முடிந்தது.

யூசுகே என்ற ஓவிய மாணவனை, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஆண்டு முடியும்போது அவன் நட்பு பாதியில் நின்றிருந்தது. அந்தத் தவறு ஒரு நொடியில் நடந்ததல்ல, பல மாதங்களில் சேர்ந்தது. எந்த சேவ்-ஐ லோட் செய்து அதைத் திருத்துவது? வேடம் என் மேல் ஒட்டியது அங்கேதான்.

சரி, ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பால்டர்ஸ் கேட்டில் ஆனர் மோட் உண்டு. அதில் ஒரே ஒரு சேவ்தான், பின்னால் போக முடியாது. நான் இவ்வளவு நேரம் குறைபட்டதற்கு லேரியன் தந்த பதில் அதுவாகவே இருக்கலாம். போன வாரம்தான் அதைத் தொடங்கினேன், இன்னும் முதல் அத்தியாயத்தில் இருக்கிறேன். நேற்று ஒரு பகடை தவறியது, அப்படியே விட்டுவிட்டு நடந்தேன்.