கண் முகாமுக்குப் பள்ளி மைதானமா, கல்யாண மண்டபமா?

1925-இல், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெல்லர் பார்வையற்றோருக்கு உதவும்படி கேட்டுக்கொண்டதிலிருந்து லயன்ஸ் சங்கத்துக்குக் கண் சேவை முக்கியம். செங்கோட்டையில் முகாம் என்றால் முதல் வாக்குவாதம் இடத்தைப் பற்றித்தான். மைதானத்துக்குச் செலவு குறைவு, எல்லை தாண்டி, கேரளத்து ஆரியங்காவிலிருந்து வருகிறவர்களுக்கு வழி சொல்வதும் எளிது, 108 வண்டி நேரே உள்ளே வரும். ஆனால் ஜூன், ஜூலைச் சாரலில் பந்தல் ஒழுகும், சேறு வழுக்கும், ஜெனரேட்டர் வயர் நனையும்.

மண்டபத்தில் வாடகை கையைக் கடிக்கும். படிக்கட்டையும் கவனியுங்கள். கண்பாவை விரிய சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். பெரியவர்களைக் கைபிடித்து இறக்க ஒவ்வொரு படிமுனையிலும் ஒரு தன்னார்வலர் வேண்டும். (டீ கொடுக்க மட்டும் ஆளுக்குப் பஞ்சமே இருக்காது!)

சாரல் மாதங்களில் என் ஓட்டு மண்டபத்துக்கே. பிப்ரவரி என்றால் மைதானம் போதும்.