ரோட்டோரப் பழக்கன்று வாங்கும் சங்கங்கள் கவனத்துக்கு: ஒட்டு நாடாவைப் பிரித்துப் பார்க்காமல் லாரியை இறக்க விடாதீர்கள்

பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய எங்கள் மனைப்பிரிவில் ரோட்டோரம் நட்ட 140 பழக்கன்றுகளில் பாதிக்கு மேல் ஏமாற்று. அதே கொட்டேஷன் இப்போது பக்கத்து லேஅவுட் சங்கங்களுக்கும் போயிருக்கிறது என்று கேள்விப்பட்டோம். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறோம்.

கொட்டேஷனில் இருந்தது: மா 60, கொய்யா 30, சப்போட்டா 30, நெல்லி 20. எல்லாம் ஒட்டு (ஒரு கன்றின் தண்டில் நல்ல ரகக் குச்சியை இணைத்தது) அல்லது பதியன் (தாய்மரக் கிளையிலேயே வேர்விடச் செய்து பிரித்தது). கன்று, குழி, உரம், கூலி சேர்த்து ஒன்றுக்கு 650 ரூபாய், மொத்தம் 91,000. "கடியத்திலிருந்து நேராக வரும் சரக்கு" என்றார்கள். ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் கடியம் நர்சரிகளுக்குப் பேர்போன ஊர், திருச்சூர் பக்கம் மண்ணுத்தி மாதிரி. அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். எந்த நர்சரி, என்ன ரகம், எந்த வேர்ச்செடி (ஒட்டைத் தாங்கும் அடிக்கன்று) என்று பில்லில் ஒரு வரிகூட இல்லை. "பழக்கன்று 140" என்று மட்டும் இருந்தது.

இரண்டாம் வருஷ ஆடிக் காற்றில் 14 கன்று சாய்ந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இரண்டு வருஷம் வேர் பிடித்த கன்று அதற்குச் சாயக் கூடாது. சாய்ந்த ஒரு மாங்கன்றை இழுத்ததும் மண்ணோடு கையில் வந்துவிட்டது. அடியில் கறுப்பு பாலித்தீன் கவர் அப்படியே இருந்தது. உள்ளே வேர் முழுக்கச் சும்மாடு போலச் சுருண்டு கிடந்தது. கவரின் அடி ஓட்டை வழியாக இரண்டே வேர் வெளியே போயிருந்தது. மண்ணுக்குள் புதைந்திருந்த தண்டில் ஒட்டு நாடா, அதாவது ஒட்டிய இடத்தை இறுக்கிக் கட்டும் பட்டை, சுற்றியிருந்தது. பிளேடால் கீறிப் பிரித்தால் உள்ளே வழுவழுப்பான ஒரே பட்டை. வெட்டுத் தழும்பு இல்லை, முடிச்சு இல்லை. ஒட்டே கட்டவில்லை. கொட்டையிலிருந்து முளைத்த கன்றில் நாடாவைச் சுற்றி, அந்த இடத்தை மண்ணுக்குள் மறைத்திருக்கிறார்கள். மற்றதையும் தோண்டிப் பார்த்ததில் 60 மாவில் 41 இப்படித்தான்.

உண்மையான மென்தண்டு ஒட்டில் என்ன இருக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வேர்ச்செடியின் தண்டை நடுவில் பிளந்து, நல்ல ரக மரத்தில் எடுத்து ஆப்பு போலச் சீவிய தாய்க்குச்சியை அதில் செருகிக் கட்டுவார்கள். ஆறினபிறகு 'வி' வடிவத் தழும்பு இரண்டு பக்கமும் தெரியும். தழும்புக்கு மேலும் கீழும் பட்டையின் நிறமும் சொரசொரப்பும் மாறும், அந்த இடம் லேசாகப் புடைத்திருக்கும். நெருக்கு ஒட்டாக (தாய்மரக் கிளையைப் பிரிக்காமலே வேர்ச்செடியோடு பக்கவாட்டில் சேர்த்துக் கட்டுவது) இருந்தால் ஒரு பக்கம் நீளத் தழும்பும், வேர்ச்செடியின் தலையை வெட்டிய மொட்டைக் கணுவும் இருக்கும். தழும்பு மண்ணுக்கு மேலே ஒரு ஜாணாவது இருக்க வேண்டும். "ஒட்டு வரை மண் அணைத்தால்தான் பலம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். புதைத்தால் தண்டு அழுகும். தாய்க்குச்சியே வேர்விட்டு வேர்ச்செடியின் பலனும் போகும்.

ஒட்டு நன்றாகப் பிடித்த கன்றில் நாடாவை அவிழ்க்காமல் விடுவதும் கேடுதான். நிஜ ஒட்டாக இருந்த 19 மாவில் ஐந்தில் நாடா தண்டை இறுக்கி, மணிக்கட்டில் கட்டிய கயிறு போலப் பள்ளம் விழுந்திருந்தது. காற்று அடித்தால் அந்த இடத்தில்தான் ஒடியும்.

சப்போட்டாவில் ஏமாற்று வேறு மாதிரி. அதை உலக்கைப்பாலை வேர்ச்செடியில் ஒட்டுவது வழக்கம். தாய்க்குச்சி பட்டுப்போய்க் கீழிருந்து பாலை தழைத்த கன்றுகளும் லாரியில் வந்திருக்கின்றன. பச்சையாக, செழிப்பாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இலையைப் பார்த்தால் தெரிந்துவிடும்: சப்போட்டா இலை நுனி கூர்ந்து முடியும்; பாலை இலை சின்னது, தடித்தது, நுனியில் நகத்தால் கிள்ளியது போல ஒரு வெட்டு இருக்கும்.

நெல்லி 20-உம் ஒரே ரகம். நெல்லி தன் மகரந்தத்தில் சரியாகக் காய் பிடிக்காது, என்.ஏ.7, காஞ்சன், கிருஷ்ணா போல இரண்டு மூன்று ரகம் கலந்து நட வேண்டும். கொய்யா பதியன்தான், நன்றாகவும் இருக்கிறது. ஆனால் லக்னோ 49 என்று கொடுத்தது சிவப்புச் சதையோடு காய்த்தது. லக்னோ 49 வெள்ளைச் சதை.

அடுத்தது குழி. 140 குழியையும் டிராக்டர் துளைக்கருவியால் ஒரே நாளில் போட்டார்கள், அகலமும் ஆழமும் ஒரு அடி. மாவுக்கும் சப்போட்டாவுக்கும் மூன்றடி நீளம், அகலம், ஆழம் வேண்டும். கொய்யாவுக்கு ஒன்றரை அடி. தோட்ட மண்ணிலேயே இதுதான் அளவு என்றால், லேஅவுட் ரோட்டோரத்தில் இன்னும் கண்டிப்பாக வேண்டும். அங்கே மேலே தெரிவது மண்ணல்ல, இறுக்கி உருட்டிய கிராவலும் கட்டட இடிபாடும். துளைக்கருவி சுற்றும்போது குழியின் பக்கம் பூசினது போல வழவழப்பாகிவிடும். வேர் அதைத் துளைக்காது, மழை பெய்தால் தண்ணீர் தொட்டி போல நிற்கும். சிமென்ட் இடிபாட்டில் காரம் ஏறித் தளிர் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். அது இரும்புச்சத்துக் குறை. யூரியா போட்டால் தீராது.

கிராவலைத் தாண்டிச் சொந்த மண் தெரியும்வரை தோண்டச் சொல்லுங்கள். பக்கச் சுவர்களைக் கடப்பாரையால் கொத்திவிட வேண்டும். இடிபாட்டை வெளியேற்றி, நல்ல மேல்மண்ணோடு தொழு உரம் 10 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 1 கிலோ கலந்து நிரப்புங்கள். கவரைக் கிழித்து எடுத்து, கிழித்த கவர்களை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்: 140 கன்றுக்கு 140 கவர். ஊன்றுகோலை மேற்குப் பக்கம் அடித்து, தண்டை இறுக்காமல் எட்டு வடிவில் சணல் கட்டுங்கள்.

இடத் தேர்வில் தப்பு எங்கள் பக்கமும் உண்டு. மின்கம்பிக்கு அடியில் மா வைக்க விட்டோம். அது வருஷா வருஷம் வெட்டுப்படும். நல்லவேளையாகப் பலா வேண்டாம் என்று சொல்லியிருந்தோம், ஆள் நடக்கிற பாதையில் அதன் காய் விழுந்தால் தலை தாங்காது. நாவலும் நடைபாதைக்கு ஆகாது, விழுந்த பழத்தில் பெரியவர்கள் வழுக்குவார்கள். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் ரோடு தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விடும் என்பதால் ஊராட்சியில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "அனுமதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற காண்ட்ராக்டர் எதையும் வாங்கவில்லை. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டியபோது ஆறு கன்று போனது, கேட்க வழியில்லை.

பணத்தில் 60 சதவீதத்தை முன்பணமாகவும் மீதியை நட்ட அன்றும் கொடுத்ததுதான் பெரிய தவறு. ஒட்டு மா காய்க்க மூன்று நான்கு வருஷம், கொட்டைக் கன்று என்றால் அதற்கும் மேல். நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவதற்கான காலம் 2 ஆண்டு. காய்க்கவில்லை என்று தெரியும்போது அந்தக் காலம் கடந்திருக்கும். ஆகவே ரகம், வேர்ச்செடி, நர்சரி முகவரி, ஒரு வருஷப் பராமரிப்பு, பட்டுப்போனால் மாற்றுக் கன்று, எல்லாம் பில்லிலும் ஒப்பந்தத்திலும் இருக்கட்டும். இறக்கும்போதே பத்துக்கு ஒன்றாகக் கவரையும் நாடாவையும் பிரித்துப் பாருங்கள். ஒன்று போலியானால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். 25 சதவீதப் பணத்தை அடுத்த மழை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியலாம்.

ஏற்கெனவே இப்படி நட்டுவிட்டவர்கள் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டாம். வேர் சுருளாத கொட்டைக் கன்று நல்ல வேர்ச்செடிதான், நின்ற இடத்திலேயே ஒட்டலாம். தாய்மரத்தில் மூன்று நான்கு மாத வயதுள்ள பென்சில் தடிமன் குச்சியைத் தேர்ந்து, வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே இலைகளைக் காம்பு விட்டுக் கிள்ளிவிட வேண்டும். கன்றில் செந்தளிர் விட்டிருக்கும் நேரம், காற்றில் ஈரம் இருக்கும் மாதம், இரண்டும் சேர வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் முதலமடை முழுக்க மாந்தோப்பு. காய்ப்பைக் கண்ணால் பார்த்த மரத்தில் குச்சி கேட்டு வாங்கலாம். ஒட்டியபின் மேலே பாலித்தீன் உறை போட்டு, துளிர்த்ததும் உறையை எடுத்துவிடுங்கள். ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை வாரம் ஒருமுறை கிள்ளுங்கள். ஒட்டு பிடித்து உறுதியானதும் நாடாவை மறக்காமல் கீறிவிடுங்கள். எங்கள் 41 கன்றில் வேர் நன்றாக இருந்த 26-ஐ இந்த ஆவணிக்குள் இப்படி ஒட்டப் போகிறோம்.