கட்டணமில்லா டவுன் பஸ்ஸா, சொந்த ஸ்கூட்டியா?

வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. இரண்டு பக்கமும் தமிழ்நாடு அரசின் கை இருப்பதால் அதையும் சேர்த்தே பார்ப்போம்.

செலவு
பஸ்: 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் தரும் பூஜ்ஜிய டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். டீலக்ஸில் ஏறினால் காசுதான்.
ஸ்கூட்டி: தினம் 20 கிலோமீட்டர் என்றால் மாதம் 25 நாளுக்கு 500 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கிடைத்தாலும் 11 லிட்டர், அதாவது 1,100 ரூபாய்க்கு மேல். 2021 ஆகஸ்டில் மாநில அரசு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது உண்மைதான், ஆனால் 2023-ல் புது வண்டிக்கான சாலை வரியை ஏற்றிவிட்டார்கள். இன்சூரன்ஸ், சர்வீஸ், தவணை எல்லாம் தனிக்கணக்கு.

நேரம்
பஸ்: இங்கேதான் இடிக்கும். இலவச பஸ் வரும்வரை நின்று, வந்ததும் கூட்டத்தில் தொங்கி, அப்புறம் இன்னொரு பஸ் மாற வேண்டுமென்றால் அரை நாள் சம்பளமே போய்விடும் சிலருக்கு.
ஸ்கூட்டி: நினைத்த நேரத்தில் கிளம்பலாம்.

மழைக்காலம்
பஸ்தான். சந்தேகமே வேண்டாம்.

ஒரே பஸ்ஸில் நேராக வேலையிடம் போய்ச் சேர முடிந்தால் வண்டிக்குக் கடன் வாங்காதீர்கள். இரவு ஷிப்ட், வழியில் பிள்ளையைப் பள்ளியில் விடுவது, சரக்கு எடுத்துப்போய் விற்பது என்றால் ஸ்கூட்டி. வண்டி வாங்கினவர்களும் நேர் பஸ் கிடைக்கும் நாளில் அதிலேயே போகலாம், பெட்ரோலாவது மிஞ்சும்.